லக்கோல் எல்லைக்குக் கொண்டுபோன ஞானஸ்நானப் பத்திரம்

2003 மார்ச் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 4.25 மணி. கனடாவின் டோர்வல் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்தபோது வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகை, வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் அடிக்கும்போதே மூக்குக்குள் ஈரம் உறையும் என்பதை என் எழுபத்தோராவது வயதில் அறிந்துகொண்டேன். மன்னாரில் வீட்டுப் படலையைச் சாத்தி ஐம்பத்தெட்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. வழியில் மேற்சட்டையின் உட்பையை நாற்பத்தொரு தடவை தொட்டுப் பார்த்திருந்தேன். அதற்குள் ஒரேயொரு தாள்தான் இருந்தது: என் மகன் அன்ரனின் ஞானஸ்நானப் பத்திரம்.

அந்தத் தாளைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பயணம்.

அன்ரன் மூன்று வருடமாக அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் ஒரு பெற்றோல் நிலையத்தில், வதிவிடப் பத்திரம் எதுவும் இல்லாமல் வேலை செய்தான். அமெரிக்கா ஈராக்கோடு போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம். சில நாடுகளிலிருந்து வந்த ஆண்களைப் பெயர் பதிய வரும்படி அங்கே அழைத்தார்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆனால் பட்டியல் தவணை தவணையாக நீண்டதால், பெயர் இல்லாதவர்களும் வடக்கே ஓடிவந்து கனடாவின் வாசலில் அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். நெரிசல் தாங்காமல் கனடாக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு திகதி கொடுத்து, வந்த பக்கமே திருப்பி அனுப்பினார்கள்.

அன்ரனுக்குக் கிடைத்த திகதி மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. அதுவரை எல்லைக்குத் தெற்கே ஒரு சிறு பட்டணத்தின் தேவாலய மண்டபத்தில் அவன் படுத்திருந்தான். அங்கே முப்பத்தொரு பேர். பாண் வாங்கப் போன இரண்டு பேரை அமெரிக்கக் காவலர் கொண்டுபோய்விட்டார்கள் என்று தொலைபேசியில் சொன்னான். பதினெட்டாம் திகதி தான் யார் என்று அவன் நிரூபிக்கவேண்டும். முடியாவிட்டால் திரும்பவும் அந்தப் பக்கம், அங்கிருந்து சிறை, சிறையிலிருந்து கொழும்பு. மன்னார் அரச கந்தோரில், கச்சேரியில், இருந்த அவனுடைய பிறப்புப் பதிவு 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அழிந்துவிட்டது. மிஞ்சியது எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றுதான். அப்போதைய சுவாமியார் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஓடியிருந்தார்.

மருமகன் அல்பிரட் காரோடு வந்திருந்தார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை அவருக்கு. லாசாலில் மூன்றாம் மாடி வீடு, நாற்பத்துநான்கு படி. மகள் ரெஜினா பிட்டும் பாரை மீன் குழம்பும் வைத்திருந்தாள்.

"ஆறு மாசத்துக்கு முந்திச் செத்த மீன், மாமா. ஆனா கடைக்காரன் மன்னார் மீன் எண்டுதான் விக்கிறான்," என்றார் அல்பிரட்.

தவக்காலத்தில் நான் மாமிசம் தொடுவதில்லை. மீனுக்குத் தடை இல்லை. மூன்று துண்டு சாப்பிட்டேன். நான்காவது துண்டைப் பார்த்தபோது அன்ரன் என்ன சாப்பிட்டிருப்பான் என்ற எண்ணம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டேன்.

தொலைக்காட்சியில் ஒரே பேச்சு: அமெரிக்கா கூப்பிடுகிறது, கனடா போருக்குப் போகுமா போகாதா? எனக்கு அது புதிய பாடமாகத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். போர்க்காலத்தில் பேரரசு ஒன்று சின்ன அயலவனிடம் எப்படி வரும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒல்லாந்தரோடு போரிட்டபோது ஆங்கிலேயர் கண்டி அரசனுக்குப் பரிசுப் பொருட்களோடு தூதுவரை அனுப்பினார்கள். அரசன் மகிழ்ந்தான். இருபதே வருடத்தில் கண்டி இராச்சியம் இல்லை. அதைப் புத்தகத்தில் படித்தேன். 1987இல் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெரிய அயலவர் யாழ்ப்பாணத்து வானத்திலிருந்து அரிசியும் பருப்பும் போட்டார்; ஐம்பத்தைந்தாம் நாள் கொழும்பில் ஒரு தாளில் கையெழுத்து; அடுத்த நாள் படை வந்து இறங்கியது. நடுவில் நின்ற எங்களை எவரும் எதுவும் கேட்கவில்லை.

"இவையள் சண்டைக்குப் போகமாட்டினம் மாமா," என்றார் அல்பிரட். "ஆனா போன மார்கழியில ஒரு பேப்பரில கையெழுத்து வைச்சிட்டினம். அமெரிக்காவுக்கால வாற அகதியளை இனி எடுக்கிறேல்லையாம். இன்னும் நடைமுறைக்கு வரேல்லை. சண்டைக்கு வரேல்லை எண்டு வாயால சொல்லிப்போட்டு, கேற்றுத் திறப்பை அமெரிக்கன்ர கையில குடுத்திடுவினம்."

"எப்ப நடைமுறைக்கு வருமாம்?"

"அது ஆருக்குத் தெரியும்? நாளைக்கெண்டாலும் வரலாம்."

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது.

திங்கட்கிழமை ரெஜினாவோடு பஸ்ஸும் மெற்றோவும் ஏறி, பட்டணத்தின் நடுவில் உள்ள சட்டத்தரணியின் கந்தோருக்குப் போனேன். இரண்டு பேருக்கு ஒரு வழிக்கு ஐந்து டொலர். சட்டத்தரணி நடுத்தர வயதுப் பெண், பிரெஞ்சுக்காரி, அரச உதவியில் வாதாடுபவர். நான் பத்திரத்தை இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் அதை ஒரு கையால் வாங்கி எல்லைக்குத் தொலைநகல் அனுப்பினார். தாள் இயந்திரத்துக்குள் போய் வந்த பதினெட்டு வினாடியும் நான் மூச்சை அடக்கியிருந்தேன்.

புதன்கிழமை காலை அவர் தொலைபேசி எடுத்தார். ரெஜினா கேட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, தம்பி பிறந்த வருசம் என்ன?"

"எழுபத்திரண்டு."

"பேப்பரில அறுபத்தெட்டு எண்டு கிடக்காம். முப்பது வயசெண்டு சொன்ன ஆளுக்கு இந்தப் பேப்பரின்படி முப்பத்திநாலாம். இது வேற ஆளின்ர பேப்பரோ எண்டு கேக்கினம்."

நான் கதிரையில் இருந்தேன். அது வேறு ஆளின் பத்திரம்தான்.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. எங்கள் முதற்பிள்ளை 1968 வைகாசியில் பிறந்தான். ஜூன் 13, அந்தோனியார் திருநாளன்று ஞானஸ்நானம் கொடுத்து அன்ரன் என்று பெயர் வைத்தோம். ஏழு மாதமும் பதினொரு நாளும் இருந்து காய்ச்சலில் போய்விட்டான். அடுத்து ஒரு ஆண் பிள்ளை கிடைத்தால் அதே பெயரை, அதே திருநாளில் வைப்பதாக என் மனைவி அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். இடையில் ரெஜினா பிறந்தாள். எழுபத்திரண்டில் மகன் பிறந்தான். நேர்த்தி நிறைவேறியது. அதனால் எங்கள் பங்குப் புத்தகத்தில் ஒரே தாய் தகப்பனுக்கு, ஒரே பெயரில், ஒரே திருநாளில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. கோயில் எழுத்தர் முதலில் கண்டதைப் பிரதி எடுத்துத் தந்துவிட்டார். நானும் பெயரைப் பார்த்தேன், ஜூன் 13ஐப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன். வருடத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் அரை உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறேன்.

"எங்களுக்கு முந்தி ஒரு பிள்ளை செத்ததெண்டு அம்மா சொன்னவ," என்றாள் ரெஜினா. "அதுக்கும் அன்ரன் எண்டு பேர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பேரைச் செத்ததோட சேத்துச் சொல்லப்படாதெண்டு அம்மா பயந்தவ."

அந்தப் பயத்தினால்தான் முப்பத்துநான்கு வருடமாக மூத்தவனின் பெயர் சொல்லி ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை. கண் மூடும்வரை "மூத்தவர்" என்று மட்டும் மனைவி சொல்வாள். நான் அதுவும் சொல்வதில்லை.

ஐந்து டொலர் தொலைபேசி அட்டை நான்கு முடிந்தது. மன்னாரில் இருக்கும் கடைசி மகள் செல்வி பங்குக்குப் போய், சரியான பத்திரத்தையும் மூத்தவனின் அடக்கப் பதிவையும் எடுத்து, சட்டத்தரணிக்குத் தொலைநகல் அனுப்பவேண்டும். முதல் மூன்று அட்டையும் 'கேக்குதே, கேக்குதே' என்பதிலேயே கரைந்தன. நாலாவதில் செல்வி அழுதாள்.

"அப்பா, ஞானஸ்நானப் புத்தகம் கிடக்குது. அடக்கப் புத்தகம் இல்லையாம். சுவாமி ஓடேக்க ஒரு புத்தகத்துக்குத்தான் சைக்கிளில இடம் இருந்ததாம்."

சனிக்கிழமை தொலைநகலைப் பார்க்க வரும்படி சட்டத்தரணி அழைத்தார். மெற்றோவிலிருந்து மேலே வந்தோம். வீதி முழுவதும் மனிதர். போர் வேண்டாம் என்ற ஊர்வலம். நான் ரெஜினாவின் கையைப் பிடித்தேன். எங்கள் ஊரில் வீதி நிறைய ஆட்கள் வந்தால் முதலில் கடைகள் பூட்டும், பிறகு சத்தம் கேட்கும். பழக்கத்தில் ஒழுங்கைகளை எண்ணினேன்: இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று. ஆனால் கடைகள் திறந்திருந்தன. குதிரையில் இருந்த பொலிஸ்காரர் இருவர் தங்களுக்குள் கதைத்துச் சிரித்தார்கள். நகராமல் நின்ற பஸ் பதினேழு. ஒரு கிழவி கம்பளிச் சட்டை போட்ட தன் நாயிடம், "இன்னும் இரண்டு வீதிதான். நீயும் போருக்கு எதிர்தானே, நட," என்றாளாம். ரெஜினா அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தாள். பிறகு, "கையை விடுங்கோ அப்பா, நோகுது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சத்தம் தெற்கே கேட்டால், கோபம் யார் தலையில் விழும்? வெளியே வரக் கதவில்லாத ஒரு மண்டபத்தில் முப்பத்தொரு பேர், இப்போது இருபத்தொன்பது.

சட்டத்தரணி மேசையில் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கமாக வைத்தார். "இப்போது எங்களிடம் இரண்டு அன்ரன் இருக்கிறார்கள்," என்றார் ஆங்கிலத்தில். "அதிகாரி ஒரு கேள்விதான் கேட்பார். இறந்தது எந்த அன்ரன்?"

நான் விளங்காதவன்போல் பார்த்தேன்.

"எழுபத்திரண்டில் பிறந்தவர் இறந்து, அவருடைய பத்திரத்தில் வேறு ஒருவர் வந்திருக்கலாம் அல்லவா? அடக்கப் பதிவு இல்லை. ஆகவே நீங்கள் நேரில் போய்ச் சொல்லவேண்டும். அதில் ஒரு ஆபத்து உண்டு. உங்கள் விசா விண்ணப்பத்தில் எத்தனை பிள்ளை என்று எழுதினீர்கள்?"

"மூன்று."

"அங்கே போய் நான்கு என்பீர்கள். அப்போது உங்களையும் நம்பாமல் விடலாம். மகனோடு உங்களையும் திருப்பி அனுப்பலாம்."

திங்கட்கிழமை பிற்பகல் தொலைக்காட்சியில் பிரதமர் எழுந்து நின்றார். ஐக்கிய நாடுகள் சபையின் சம்மதம் இல்லாமல் கனடா அந்தப் போரில் சேராது. சபையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அல்பிரட்டும் தட்டினார்.

"பாத்தீங்களே மாமா! முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார்!"

"நாளைக்குத்தானே எங்கட திகதி," என்றாள் ரெஜினா. "இண்டைக்கே இதைச் சொல்லவேணுமே? ஒரு நாள் பொறுக்கேலாதே?"

சரித்திரம் படிப்பித்தவனுக்கும் அந்த வேளையில் அவள் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை 7.10க்குப் புறப்பட்டோம். அல்பிரட் இருபத்திரண்டு டொலருக்குப் பெற்றோல் அடித்தார். நெடுஞ்சாலை தெற்கே நேராக ஓடியது. இரு பக்கமும் வெள்ளை வயல். எதிர்த் திசையில் வந்த அமெரிக்க லொறிகளை எண்ணிக்கொண்டு போனேன். லொறி வருகிறதென்றால் வாசல் திறந்திருக்கிறது. நூற்றிப்பன்னிரண்டுவரை எண்ணினேன்.

ரெஜினா திடீரென்று கேட்டாள்: "அப்பா, அங்க எத்தினை எண்டு சொல்லப் போறியள்?"

"மூண்டெண்டு சொன்னா விசாவுக்குச் சரி, தம்பிக்குப் பிழை. நாலெண்டு சொன்னா…" என்று அல்பிரட் திரும்பினார்.

"றோட்டைப் பாருங்கோ!" என்று ரெஜினா கத்தினாள்.

'அமெரிக்காவுக்கு முன் கடைசி வெளியேறும் வழி' என்ற பலகை எங்களைக் கடந்து பின்னால் போய்விட்டது. முன்னால் கொடி தெரிந்தது, நட்சத்திரமும் கோடும். என்னிடம் அமெரிக்க விசா இல்லை. அல்பிரட் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஆட, பின்னோக்கி ஓட்டினார். லொறிகள் ஊதிக்கொண்டு போயின. நான் நூற்றைம்பது மீற்றரையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்தேன்.

"கொஞ்சம் விட்டிருந்தா புஷ்ஷிட்ட நேராப் போய்க் கதைச்சிருப்பம்," என்றார் அல்பிரட்.

லக்கோல் எல்லைச் சாவடியில் பிளாஸ்ரிக் கதிரை இருபத்தாறு. கோபமாக எவரும் தெரியவில்லை. அதிகாரிகள் நேற்றைய ஹொக்கி ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தார்கள். 10.40க்கு மண்டபத்து வான் வண்டி வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். ஏழாவது ஆள் அன்ரன். தாடி, குழிந்த கன்னம், யாரோ கொடுத்த பெண்பிள்ளைகளின் இளஞ்சிவப்புக் குளிர்ச் சட்டை. மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கினான். உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மணித்தியாலம் இருந்தோம். பக்கத்துக் கடையில் அல்பிரட் 4.75க்குப் புத்தீன் வாங்கி வந்தார்: பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டித் துண்டுகளும் கபிலநிறக் குழம்பும். பாதி சாப்பிட்ட பிறகுதான் அது மாட்டிறைச்சிக் குழம்பு என்றார். தவக்காலத்தின் பதினான்காம் நாள். அந்தோனியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியது வேறு பலவும் இருந்தன.

1.50க்கு என்னைக் கூப்பிட்டார்கள். இளம் அதிகாரி, பிரெஞ்சுப் பையன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். ஆனாலும் விதி என்று தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பேச வைத்தார். சென்னைத் தமிழ்.

"வணக்கம் அங்கிள். பயப்படாதீங்க, அவர் கேக்குறத அப்படியே சொல்றேன். உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அதிகாரியின் மேசையில் என் விசா விண்ணப்பத்தின் பிரதி இருந்தது. தலைகீழாக இருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

"நாலு," என்றேன்.

"உங்க ஃபார்ம்ல மூணுன்னு எழுதியிருக்கீங்களாம்."

"ஓம். அது பிழை. நான்தான் எழுதினேன்."

"இறந்த பிள்ளையப் பத்தி என்ன ஞாபகம் இருக்குன்னு கேக்குறார்."

நான் சொன்னேன். ஏழு மாதம், பதினொரு நாள். கீழே இரண்டு பல். தச்சன் அளந்த பெட்டி இரண்டு அடி நாலு அங்குலம். அதைத் தூக்க எவரும் தேவைப்படவில்லை; நானே மடியில் வைத்து வண்டிலில் கோயிலுக்குக் கொண்டுபோனேன். கோயிலிலிருந்து சவக்காலைக்கு அறுநூற்றிருபது அடி எடுத்து வைத்தேன். "சாரி அங்கிள், ஒரு நிமிஷம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு இன்னொரு கோவையைத் திறந்தார். பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், முதல் தடவை வாசலுக்கு வந்தபோது, அன்ரன் நிரப்பிய தாள் அது. சகோதரர் பெயர்ப் பட்டியல். என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். முதல் வரியில் அன்ரன் தன் கையால் எழுதியிருந்தான்: 'அன்ரன், அண்ணா, பிறப்பு 1968, இறப்பு 1969.'

அந்தத் தாள் எழுதப்பட்டபோது எங்கள் எவருக்கும் பத்திரக் குழப்பம் தெரியாது. அதிகாரி அதைத்தான் பார்த்தார்.

"மகன் நாலுன்னுதான் எழுதியிருக்காராம் அங்கிள். ரெண்டும் ஒத்துப்போகுது. அவரை உள்ள விடுறாங்க." குரல் தாழ்ந்தது. "ஆனா உங்க ஃபார்ம் தப்பு. உங்களுக்கு ஆறு மாசம் கிடையாது. முப்பது நாள். ஏப்ரல் பதினேழுக்குள்ள கிளம்பணும்."

உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் இருபது. மூன்று நாள் குறைவு. நான் கையெழுத்து வைத்தேன்.

காரில் அன்ரன் என் பக்கத்தில் இருந்தான். அந்த இளஞ்சிவப்புச் சட்டையில் மண்டபத்துச் சவர்க்கார மணம்.

"உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"அம்மா. சின்னனில ஒருநாள். உன்ர பேர் முதல் அவற்ற பேர், மறந்துபோடாதை எண்டவ."

"எனக்கேன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"அப்பா பிள்ளையள் மூண்டு எண்டு எண்ணேக்க குறுக்க கதைக்கக் கூடாதெண்டும் சொன்னவ."

நான் யன்னலைப் பார்த்தேன். லொறிகளை எண்ணவில்லை.

மறுநாள் இரவு போர் தொடங்கியது. தொலைக்காட்சியில் பச்சை நிறத்தில் ஒரு பட்டணம் எரிந்தது. அன்ரன் அதைப் பாராமல் பதினாலு மணித்தியாலம் நித்திரை கொண்டான். மண்டபத்தில் மிச்சம் இருந்த இருபத்திரண்டு பேருக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மார்கழி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, கேற்றுத் திறப்பு அடுத்த வருட முடிவில் கைமாறியதாக அல்பிரட் எழுதினார். அன்ரன் வந்த வழியால் வருவது அதற்குப் பிறகு அநேகருக்கு இயலாமல் போய்விட்டது.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை. யாருக்காகப் பூசை என்று எழுதும் கருத்துத் தாளில் நான் பெயரை எழுதிக் கொடுத்தேன். சுவாமியார் பீடத்திலிருந்து வாசித்தார்: "மரித்த அன்ரனுக்காக, அவருடைய தகப்பனும் சகோதரங்களும் ஒப்புக்கொடுக்கும் பூசை." முன் வாங்கில் இருந்த அம்மா ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பி, எனக்குப் பக்கத்தில் நின்ற அன்ரனைப் பார்த்தார்.

"நான் இருக்கிறன் அக்கா," என்றான் அவன், மெதுவாக.

விமானச் சீட்டை முன்தள்ள நூற்றைம்பது டொலர் கேட்டார்கள். அதோடு பெற்றோல், தொலைபேசி அட்டைகள், மெற்றோ, மாட்டிறைச்சிக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு, கடைசியாகப் பூசைக் காணிக்கை பத்து டொலர். மொத்தம் இருநூற்று இருபத்தாறு டொலர் எழுபத்தைந்து சதம்.